ஓடாத வண்டி தேயாது

திருவில்லிபுத்தூர்
22.7.2024

அன்புத் தம்பி சங்கையாவுக்கு,

அண்ணன் சமுத்திரம் எழுதுவது. நானும் உன் மதினி செல்லக்கனியும் இங்கே சுகம். உன் சுகத்தையும் முனீஸ்வரி சுகத்தையும் எழுது. போனில் பேசினால் உனக்குக் கேட்பதில்லை; கத்திச் சொன்னால் என் தெருவுக்கே கேட்டுவிடுகிறது. ஆகவே வழக்கம்போல் கடிதம்.

இதில் எழுதியிருப்பவை:

1. ஆடி ஒன்றாம் தேதி வண்டி என்னிடம் வந்து சேர்ந்த நிலை.
2. நீ அதில் செய்திருக்கும் மாற்றங்கள்.
3. அவற்றால் எஞ்சினின் ஆயுளுக்கு வரும் கேடு, (அ) முதல் (ஈ) வரை.
4. நவம்பரில் ஆர்.சி. புதுப்பிப்பது.
5. உடல்நலம். (இதை முதலிலேயே எழுதிவிட்டேன் என்று இப்போதுதான் தெரிகிறது. அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.)

முதலாவது. 1994 தீபாவளி கழிந்து இந்த வண்டியை வாங்கியபோதே, தை முதல் ஆனி வரை உனக்கு, ஆடி முதல் மார்கழி வரை எனக்கு என்று அப்பா பிரித்துக் கொடுத்தார். முப்பது வருடத்தில் நாம் ஒரு நாள்கூட முன்பின் ஆனதில்லை. இந்த முறையும் ஆகவில்லை. ஆனால் கிக்கரை மிதித்ததும் முழங்கால் வரை அதிர்ந்தது. சத்தமும் கனத்திருக்கிறது.

இரண்டாவது. சிலிண்டர் பெரிது. கார்புரேட்டர் வேறு. பின் சக்கரத்துப் பல்சக்கரமும் பெரிது. நூறு சி.சி.யை நூற்றைம்பது ஆக்கியிருக்கிறாய். கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்தவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அதனால் பஸ் ஏறிக் கிருஷ்ணன்கோவில் போய், பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தும் பெனின் என்பவரை விசாரித்தேன்.

மூன்றாவது. (அ) பெரிய சிலிண்டர் அதிகம் சூடேறும். அந்தச் சூட்டைத் தணிக்க இந்த வண்டியில் வழியில்லை. (ஆ) உள்ளேயிருக்கும் கிராங்க், கிளட்ச், கியர் எல்லாம் பழைய பலத்துக்குச் செய்தவை. இன்று இழுக்கும், இரண்டு வருடத்தில் காட்டிக்கொடுக்கும். (இ) எஞ்சின் தன் நோவை முதலில் சத்தத்தில்தான் சொல்லும். உன் காதை மில் எடுத்துக்கொண்டது. இதை எழுதச் சங்கடமாக இருக்கிறது, விடவும் முடியவில்லை. (ஈ) என் பொறுப்பிலுள்ள ஆறு மாதத்தில் வண்டிக்கு ஒரு கேடும் வந்ததில்லை. 2018-இல் லாரி உரசப் பார்த்ததிலிருந்து நான் ரோட்டில் ஓட்டுவதில்லை. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஸ்டார்ட் செய்து, பத்து ஐந்துக்கு நிறுத்தி, நோட்டில் பதிந்து, துணி போர்த்திவிடுகிறேன். ஓடாத வண்டி தேயாது. இந்த ஒன்றை மட்டும் நான் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

நான்காவது. ஆர்.சி. 17.11.2024 உடன் முடிகிறது. வண்டி என் பெயரில் இருக்கிறது. எஞ்சினில் மாற்றம் ஏதும் செய்யவில்லை என்று நான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முப்பத்தோரு வருடம் பிறருடைய பிரமாணப் பத்திரங்களை வாங்கி அடுக்கினவன் நான். அவற்றில் பொய் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். அந்த அடுக்கில் என்னுடையது ஒன்று சேர வேண்டாம். பழைய சிலிண்டரைத் திரும்பப் போட்டுவிடு. போடாவிட்டால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாவிட்டால் வண்டி ரோட்டில் இறங்க முடியாது. அய்யனார் கோயில் ரோட்டுத் தோப்புகளில் மாடு வைத்திருப்பவர்களிடம் பால் எடுத்து, பால் சொசைட்டியில் ஊற்றித்தான் நீங்கள் இருவரும் சாப்பிடுகிறீர்கள் என்பது தெரியாமல் இதை எழுதவில்லை.

இப்படிக்கு,
சமுத்திரம்

*

ராஜபாளையம்
1.8.2024

அண்ணனுக்கு,

சங்கையா எழுதுறது. நாங்க நல்லாருக்கோம். மதினிய ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க. அவிய முட்டுவலி எப்படி இருக்கு.

நீங்க எழுதின (அ), (ஆ) ரெண்டும் சரி. மெக்கானிக் ஞானதுரையும் அதத்தான் சொன்னான். "ஏலே சங்கையா, ஆட்டுக்குட்டி மேல மூட்டைய ஏத்துத. இடுப்பு ஒடிஞ்ச பொறவு எங்கிட்டத் தூக்கிட்டு வராத"ன்னான். அவங்கிட்ட வராம எங்க போவேன்.

(இ)க்குப் பதில். முழங்காலை டேங்குல ஒட்டி வெச்சா எனக்குத் தெரிஞ்சிரும். மில்லுலயும் காது போன பொறவு மெஷின் மேல உள்ளங்கைய வெச்சுத்தான் கோளாறு கண்டுபிடிச்சேன். காது கேக்குற மேஸ்திரி எங்கிட்ட வந்து கேட்டுட்டுப் போவாரு.

(ஈ) படிச்சேன்.

பழைய சிலிண்டரப் போட முடியாது. அது போச்சு. பால் கேனோட ஓடை ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குதுன்னு மாத்தினதா வெச்சுக்கிடுங்க.

ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி நிப்பாட்டுறதுக்குப் பதிலா, கிருஷ்ணன்கோவில் வரைக்கும் ஒரு நடை ஓட்டிட்டு வாங்களேன். பஸ் ஏறிப் போனதுக்கு வண்டிலயே போயிருக்கலாம். ஓட்டப் பிடிக்காட்டி, ஸ்டார்ட்டே பண்ணாம விட்டாலும் சரிதான்.

இப்ப வழக்கம்போல சைக்கிள்லதான் பால் எடுக்கேன். வண்டியில ஒரு நடை, சைக்கிள்ல ரெண்டு நடை. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

உங்க தம்பி
சங்கையா

*

திருவில்லிபுத்தூர்
12.8.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செல்லக்கனிக்கு முட்டுவலி மட்டுப்பட்டிருக்கிறது. எனக்குத் தூக்கம்தான் சரியில்லை.

ஓட்டிப் பார் என்கிறாய். எனக்கு எழுபத்திரண்டு. மதுரை பஸ்கள் பின்னால் வந்து ஹாரன் அடித்தால் கை தன்னால் பிரேக்கைப் பிடிக்கிறது. ஸ்டார்ட்டே செய்யாமல் விடு என்கிறாய். ஆறு வருடமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை. மூத்தவள் கல்யாணத்தன்றுகூட, மண்டபத்திலிருந்து வந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டுத் திரும்பினேன். சென்ற வருட நோட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னைக் குறை சொல்வதற்காக அல்ல. நான் உருப்படியாகச் செய்துவரும் காரியம் இது ஒன்றுதான். அதையும் விடச் சொன்னால் எப்படி?

சிலிண்டர் "போச்சு" என்றால் எங்கே போயிற்று? விற்றாயா, உடைந்ததா? "வெச்சுக்கிடுங்க" என்று எழுதியிருக்கிறாய். கோர்ட்டில் அப்படிச் சொல்லும் சாட்சி வேறெதையோ மறைக்கிறான் என்று வக்கீல்கள் பிடித்துக்கொள்வார்கள். நான் பிடித்துக்கொள்ளவில்லை. கேட்கிறேன்.

இப்படிக்கு,
சமுத்திரம்

*

திருவில்லிபுத்தூர்
4.9.2024

தம்பிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கோபமென்றால் கோபமென்று ஒரு வரி எழுது. எல்லோரும் சுகம்தானே?

சமுத்திரம்

*

ராஜபாளையம்
18.9.2024

அண்ணனுக்கு,

சங்கையா சொல்ல முனீஸ்வரி எழுதுறது. கோபமெல்லாம் இல்ல. வலது கையில சின்னச் சுளுக்கு, அதான் எழுத்து மாறியிருக்கு. பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல. பால் எடுக்குறத இப்போதைக்கு நிப்பாட்டி வெச்சிருக்கோம். தோப்புக்காரங்க தை வரைக்கும் வேற ஆள வெச்சுச் சமாளிச்சுக்கிடுதோம்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல பொறுக்க மாட்டாங்க.

உங்க நோட்டு நகலப் பாத்தேன். எழுத்து முத்து முத்தா இருக்கு.

சிலிண்டர நான் விக்கல. அது பழசாகிப் போச்சு. மேல கேக்காதீங்க.

மதினி உடம்பப் பாத்துக்கிடச் சொல்லுங்க.

சங்கையா

*

திருவில்லிபுத்தூர்
25.9.2024

அன்புத் தம்பிக்கு,

சுளுக்குக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்காதே, டாக்டரிடம் காட்டு. நான் வந்து பார்க்கலாமா என்று யோசித்தேன். வந்தால் வண்டிப் பேச்சு வரும், பேச்சு வளரும் என்று இருந்துவிட்டேன். என் சுபாவம் உனக்குத் தெரியும்.

ஆர்.சி. மனுவை வாங்கி வந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். மற்றக் கட்டங்களை எல்லாம் நிரப்பிவிட்டேன். கையெழுத்திட வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிடுகிறேன். தினமும் இதே வேலையாக இருக்கிறது. பழைய சிலிண்டர் இல்லை, காரணமும் சொல்லமாட்டாய், கையெழுத்துக்கு எனக்கு மனமில்லை. மூன்றையும் வைத்துப் பார்த்தால் வண்டியை விற்றுவிடுவது ஒன்றுதான் வழியாகத் தெரிகிறது. அப்பா இருந்தால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறது, சங்கையா.

யோசித்து எழுது. அவசரமில்லை. ஆனால் நவம்பர் பதினேழு அவசரம்தான்.

சமுத்திரம்

*

ராஜபாளையம்
9.10.2024

மதிப்புள்ள அத்தானுக்கு,

முனீஸ்வரி எழுதுறேன். அக்காவும் நீங்களும் நல்லாருப்பீங்க. நான் எழுதுறது அவியளுக்குத் தெரியாது. அவிய சொல்லிச் சொல்லி நான் எழுதின கடுதாசியில பாதி உண்மையில்ல. அதான் இத எழுத உக்காந்தேன்.

கை சுளுக்கில்ல, முறிவு. ஆகஸ்டு கடைசியில, ரெண்டு கேனோட சைக்கிள் ஓடை இறக்கத்துல பிரேக் பிடிக்காமப் போயி விழுந்துட்டாவ. மாவுக்கட்டுப் போட்டிருக்கு. வண்டி இருந்திருந்தா விழுந்திருக்க மாட்டாவ. அதையும் நீங்க கேட்டாச் சொல்லாதன்னாவ.

சிலிண்டர் சங்கதி. ஒவ்வொரு தைக்கும் வண்டி உங்ககிட்ட இருந்து வந்தா ஒரு வாரம் ஞானதுரை கடையிலதான் கிடக்கும். மொத வருசம் பிஸ்டன் ரிங்கு போச்சு. அடுத்த நாலு வருசமும் சிலிண்டரக் கடைஞ்சு கடைஞ்சு பெரிய பிஸ்டன் போட்டாச்சு. இந்த வருசம் பொங்கல் கழிஞ்சு மூணாம் நாளு ஓடை ஏத்தத்துல நின்னு போச்சு. நாப்பது லிட்டரும் திரிஞ்சுட்டு. பிரிச்சுப் பாத்தா ஆயில் மோர் மாதிரி நுரைச்சுக் கிடக்கு. சிலிண்டருக்குள்ள துரு அரிச்சுக் குழி குழியா இருக்கு. "ஏலே, உங்கண்ணன் வண்டிய வீட்டுல வெச்சிருக்காரா, கண்மாயில வெச்சிருக்காரா"ன்னு ஞானதுரை கேட்டாரு.

அவருதான் வெவரம் சொன்னாரு. அஞ்சு நிமிசம் ஓடவிட்டா எஞ்சின் சூடாகாதாம். பெட்ரோல் எரியுறதுல வர்ற ஈரம் வெளிய போகாம உள்ளயே தங்கி ஆயில்ல கலந்துருமாம். வாராவாரம் அப்படிச் செஞ்சா வாராவாரம் தண்ணி ஊத்துன மாதிரியாம். சும்மா விட்டிருந்தாலே இம்புட்டு அரிச்சிருக்காதாம்.

இனிமே கடைய இரும்பு இல்லன்னுட்டாரு. உள்ள லைனர்னு புது இரும்புக் குழாய் இறக்கணும்னா மதுரைக்கு அனுப்பணும், பத்து நாளாகும். தையில பால் வரத்து கூடுதல், சைக்கிள்ல தாங்காது; பத்து நாள் சரியா எடுக்கலன்னா தோப்புக்காரங்க வேற ஆளு பாத்துருவாங்க. கடையில கிடந்த பெரிய சிலிண்டரப் போட்டு அன்னைக்கே ஓட்டிட்டு வந்துட்டாவ.

உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கன்னு நான் வருசாவருசம் சொல்லுவேன். "எங்கண்ணன் எதச் செஞ்சாலும் சரியா தப்பான்னு நாலு பேர்கிட்டக் கேக்குற ஆளு. இது ஒண்ணத்தான் யாரையும் கேக்காமச் செய்தாரு. அதையும் தப்புன்னு நான் சொல்லணுமாட்டி?"ன்னு என்னைய அடக்கிருவாவ.

நான் சொன்னதாக் காட்டிக்கிடாதீங்க அத்தான். பதில் எழுதினா எம் பேருக்கே எழுதுங்க, தபால்காரர் எங்கிட்டத்தான் குடுப்பாரு.

முனீஸ்வரி

*

திருவில்லிபுத்தூர்
21.10.2024

அன்புள்ள முனீஸ்வரிக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

முதலில் நம்பவில்லை. ஞானதுரை தன் வேலையில் உள்ள பிழையை என்மேல் போடுகிறார் என்று நினைத்தேன். பிறகு எஞ்சின் ஆயில் மூடியைத் திருகி எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் வெண்ணெய் போல அப்பியிருந்தது. ஜூலை முதல் பன்னிரண்டு ஞாயிறுகள்தான் ஆகியிருந்தன. செல்லக்கனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது என்ன, தயிர்ப் பானையா?" என்றாள். நோட்டை எடுத்து எண்ணினேன். சென்ற மார்கழி வரை நூற்று ஐம்பத்தாறு பதிவுகள். ஒன்றுகூட விடுபடவில்லை.

கிருஷ்ணன்கோவிலுக்கும் போய்க் கேட்டேன். "முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, சார்" என்றார் பெனின். சிலிண்டரைப் பற்றித்தானே கேட்டேன், என்னைப் பற்றிக் கேட்கவில்லையே.

முறிந்த கையை அசைக்க விடாதே. நான் வரவில்லை என்று நினைக்காதே. இப்போது வந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். நீ சொன்னதாக என் வாயிலிருந்து வராது.

சமுத்திரம்

*

ராஜபாளையம்
29.10.2024

அண்ணனுக்கு,

இடது கையால எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும். கட்டு அடுத்த வாரம் பிரிக்காங்க. சுளுக்குக்குக் கட்டான்னு கேக்காதீங்க, டாக்டர் போட்டுட்டாரு.

வண்டிய வித்துருங்க. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். உங்க கையெழுத்து இதுவரைக்கும் இருந்த மாதிரியே இருக்கட்டும். எனக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டா, பொறவு உங்களுக்குத் தூக்கம் வராது. இப்பவே வரலன்னு எழுதியிருந்தீங்க. தைக்குப் பொறவு வாட்ச்மேன் வேலைக்கு ஒரு இடத்துல கேட்டிருக்கேன். ராத்திரி யாரும் வந்தாச் சத்தம் கேக்காதேன்னாங்க. நாய் வளக்கேன்னு சொல்லியிருக்கேன். பாப்போம்.

தீபாவளிக்கு முனீஸ்வரி அதிரசம் சுட்டுருக்கா. பஸ்ல வாரவங்ககிட்டக் குடுத்துவிடுதேன்.

சங்கையா

*

ராஜபாளையம், உன் வீட்டு வாசல்
17.11.2024, ஞாயிறு

அன்புத் தம்பி சங்கையாவுக்கு,

இந்த முறை பட்டியல் போடவில்லை. போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. அதிரசம் வந்தது. செல்லக்கனிக்கு இரண்டு கொடுத்துவிட்டு மீதியை நான் தின்றேன்.

நீ கைக்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய் என்று முனீஸ்வரி சொன்னாள். நீ இல்லாத நேரம் வாய்த்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான். இதை உன் காதில் விழும்படி சொல்வதென்றால் தெருவே கேட்க வேண்டியிருக்கும். எழுதி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, நீ வரும்வரை உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருப்பேன்.

ஆயில் மூடியை நானே திறந்து பார்த்தேன். பிறகு ஞானதுரையைத் தேடிப் போனேன். பழைய சிலிண்டர் அவர் கடையில் பில் புத்தகம் பறக்காமல் இருக்கப் பாரமாக உட்கார்ந்திருந்தது. உள்ளே விரலைவிட்டுத் தடவிப் பார்த்தேன். அதற்குமேல் அவர் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செய்தித்தாளில் சுற்றி மதுரைக்கு எடுத்துப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர், "என்ன பெரியவரே மடியில?" என்றார். சிலிண்டர் என்றேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டார். பிரித்துக் காட்டிய பிறகும் திரும்பி வரவில்லை.

லைனர் இறக்கி வாங்கி வர எட்டு நாள் ஆயிற்று. ஞானதுரை என் வீட்டுக்கே வந்து இரண்டு நாள் உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தார். உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். "அண்ணனும் தம்பியும் என் வாயைக் கட்டியே கொல்றீங்க" என்றார். கார்புரேட்டரும் பின் பல்சக்கரமும் பழையபடி ஆகிவிட்டன. பெரிய சிலிண்டரைக் கழற்றியபோது கிளட்ச் தட்டுகள் கருகியிருந்தன; கிராங்க் பேரிங்கிலும் ஆட்டம் கண்டிருந்தது. இரண்டையும் மாற்றியாயிற்று. ஆகவே (அ), (ஆ) இரண்டும் சரியே. (இ) பற்றி இன்னும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. முழங்காலை டேங்கில் ஒட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்தார். மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். உண்மைதான் என்பதால் இந்த முறை பேனாவை மூடவில்லை. ஆர்.சி. இன்னும் ஐந்து வருடத்துக்கு இருக்கிறது.

புது லைனர் பழகும்வரை நாற்பதுக்கு மேல் போகக் கூடாதாம். என்னிடம் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டேன். இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். நோட்டை வண்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கடைசிப் பதிவைப் பார். "தொடக்கம் 10.00. நிறுத்தம் 10.50, ராஜபாளையம்." அதற்குமேல் அதில் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

மார்கழி முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று சாவியைத் திருப்பித் தராதே. தோப்புக்காரர்களிடம் இன்றே போய்ச் சொல்லிவிடு. கை தேறும்வரை வண்டியை ஞானதுரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆடிக்கும் கொண்டுவர வேண்டாம். நீ ஆறு மாதம் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்க, நான் துணி போர்த்தி வைத்திருந்தேன். ஆளுக்கு ஆறு மாதம் என்றபோது ஓட்டுவதற்குத்தான் அப்பா சொல்லியிருப்பார். நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்து நானாவது கொடுத்திருக்கலாம்.

தூக்கம் பரவாயில்லை. உன் கையை நேரில் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

22.7.2024 தேதியிட்ட என் கடிதத்தில், மூன்றாம் தலைப்பின் கீழ், (ஈ) என்று நான் எழுதியிருந்தது, "ஓடாத வண்டி தேயாது" என்பது உட்பட, தவறு.

உன் அண்ணன்
சமுத்திரம்